ரெட்டைப் படகின் ஓட்டை

அந்தப் படகை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டும். விருதுநகரில் பைபர் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைக்கிறவன் நான். கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு முதலாளி, ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக் கடலில் பாய் விரித்து ஓட்டுவதற்கென்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைபர் படகு அது. ஒல்லியாக இரண்டு உடம்பு, நடுவில் வலை, மேலே பாய்மரம். பாறையில் மோதி ஒரு உடம்பில் தேங்காய் அளவுக்கு ஓட்டை.

"நம்ம கம்பெனியிலேயே வச்சுப் பாத்துருங்க அண்ணாச்சி. சீசன் முடிஞ்சிருச்சு, அங்கன ஒண்ணும் ஓடல" என்றார்.

நம்பிப் போனேன். வாசலில் செக்யூரிட்டி என் செல்போனைப் பிடுங்கி வைத்தார், சட்டைப் பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். பைபர் தேய்க்க நான் கொண்டுபோன கை கிரைண்டரை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி சொல்லிவிட்டாராம். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலி ஷெட்டில் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இதற்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஓட்டையில் வீட்டுச் சுவருக்குப் பூசுகிற பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்திருந்தான். தேய்க்கத் தேய்க்க அது சாணி மாதிரி உதிர்ந்தது. உள்ளே தேங்கிக் கிடந்த கடல் தண்ணீர் கறுப்பாக ஒழுகியது. செத்த எலி நாற்றம். கைக்கும் கழுத்துக்கும் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தும் பைபரின் கண்ணாடித் தூள் உள்ளே இறங்கி அரித்தது. முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை அதில் ஏற்றிக் காட்ட வேண்டுமாம்.

ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துக்கொண்டு போனபோது கிரைண்டர் ஒரு எவர்சில்வர் போல்ட்டில் பட்டது. பொரி பொரியாகத் தீப்பொறி தெறித்தது.

நிமிர்ந்தேன். ஷெட் வாசலில் ஒரு அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர், வெள்ளி பூசியது போல. சட்டென்று கிரைண்டரை நிறுத்தினேன்.

"ஏம்மா, எங்கன வேலை பாக்க?"

"இந்தா, அடுத்த ரூம்தாண்ணே. வெடிக்கு மருந்து செலுத்துறோம். அவசர ஆர்டர்."

"எம்புட்டு பேரு?"

"நாலு பேரு. எம் மகளும் இருக்கா."

"இந்தச் சத்தம் உள்ள கேக்கலையா?"

"காலையில இருந்து கேக்குதுண்ணே. முதலாளியே பக்கத்துல இருக்காக, அப்புறம் என்னன்னு இருந்தோம்."

அந்த அறை முப்பது அடி தூரம்கூட இருக்காது. முதலாளியைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அது சின்ன ரூம்தான் அண்ணாச்சி, நாலே பேருதான். நீங்க வேலையப் பாருங்க."

நாலே பேராம்! வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், இங்கே எழுத முடியாது. கிரைண்டர் ஒயரைச் சுருட்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு குட்டியானை வண்டி பிடித்துப் படகை விருதுநகருக்கு என் ஷெட்டுக்கு அனுப்பினார். போல்ட்டைக் கழற்றி, ஓட்டையைக் காய வைத்து, உள்ளே நாலு அடுக்கு கண்ணாடி இழை மேட், வெளியே மூன்று அடுக்கு, ரெசின் பசையில் குமிழி இல்லாமல் ரோலர் ஓட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை.

எடுக்க வந்தவர் தடவிப் பார்த்து, "ஒட்டுன இடமே தெரியல, பலே" என்று என் தோளைத் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தை அவர் போனதும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்போதும் அருவருப்பு போகவில்லை. அவர் மேல் மட்டும் என்றால் போயிருக்கும். பட்டாசுக் கம்பெனிக்குள் கிரைண்டரோடு நுழைந்தவன், பக்கத்து அறையை ஒரு தடவை எட்டிப் பார்க்காதவன் நான். காலையிலிருந்து அந்தச் சுவிட்சில் இருந்தது என் விரல்தான்.