வீரபாகு வாய் திறந்தான்

பெண் பார்க்கப் போன அன்று வீரபாகு பேசியது ஒரே சொல்: "சரி." அதைக்கூடத் தலையை ஆட்டியே முடித்திருப்பான், மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியாததால்தான் வாயைத் திறந்தான் என்று மனைவி பரிமளா இன்றும் கேலி செய்வாள்.

ஆரணியில் அவர்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். விடிந்ததும் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தத்தான் வேண்டும். கத்துவதைவிடக் கையைக் காட்டுவது சுலபம். கையைத் தூக்கினால் நிறுத்து. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர். அவர்களுடைய மகள் மகிழினி மூன்று வயது நிரம்புவதற்குள் இவை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். வார்த்தை மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

டாக்டர் காதைச் சோதித்து, கேட்பதில் குறை இல்லை என்றார். அங்கன்வாடி டீச்சர் கன்னியம்மா நேராகவே சொன்னார்: "லைப்ரரில சின்னப் பசங்களுக்கு சனிக்கிழமை கதை சொல்றாங்க. கூட்டிகினு போங்க. வூட்ல நீங்களும் பேசுங்க."

"நானா?"

"பின்ன, தறியா பேசும்?"

பரிமளாவுக்குச் சனிக்கிழமையும் செய்யாறில் வேலை. காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஆகவே பன்னிரண்டு அம்மாக்களுக்கு நடுவே, வண்ணப் பாயின் ஓரத்தில், வீரபாகு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நூலகர் தேவகி கதை சொல்லி முடித்ததும் ஆளுக்கொரு கெட்டி அட்டைப் புத்தகம் கொடுத்து, குழந்தைக்குப் படித்துக்காட்டச் சொன்னார்.

"யானை," என்றான் வீரபாகு. பக்கத்தைப் புரட்டினான். "குரங்கு." அரை நிமிடத்தில் புத்தகம் முடிந்தது.

"அண்ணா, யானை என்னா பண்ணுது, சொல்லுங்க," என்றார் தேவகி.

"நிக்குது."

"அப்புறம்?"

வீரபாகு படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "நின்னுகினே இருக்குது."

அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் காது மடல் சிவந்துவிட்டது. இருந்தாலும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மறுநாளிலிருந்து மாலை அரை மணி நேரம் தறி நின்றது. முதலில் அப்பனும் மகளும் அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினான். "இந்த யானைக்கு உடம்பு பூரா ஒரே கலரு, பார்டரே இல்ல பாரு. வரிக்குதிரைக்குக் கோடு கோணலா போயிருக்குது. பாவு நூலு சரியா இழுக்கல." மகிழினி வாயைப் பிளந்து கேட்டாள். முடிந்ததும் விரலைச் சுழற்றினாள். தறியை ஓட்டு என்பதற்கான சைகை அது; இன்னொரு தடவை படி என்று அர்த்தம். ஒரே புத்தகம், ஒரு நாளைக்கு எட்டு தடவை.

ஐந்தாவது வாரம் ஒருநாள் அவனுக்கு அலுத்துப்போய், இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். சின்னக் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"இல்ல!" என்றாள் மகிழினி. பின்னால் புரட்டிக் காட்டினாள். "குங்கு!"

வீரபாகு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு, திருட்டுத்தனம் பிடிபட்டவன் போல, குரங்கை முதலிலிருந்து படித்தான்.

இப்போது அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் பரிமளாவிடம் அப்பனும் மகளும் மாறி மாறி ஒப்பிக்கிறார்கள். "அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் கம்முனு இருங்க, பேஜாரா கீது," என்கிறாள் அவள். போன சனிக்கிழமை தேவகி விடுப்பு. பாயில் இருந்த குழந்தைகளுக்கு வீரபாகுதான் கதை படித்தான். பத்து நிமிடக் கதைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அம்மாக்களையும் குழந்தைகளையும் ஏற்றிப்போக வந்த ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.