நாலை விட்டு எண்ணியவன்

ஓட்டிலியின் குதிகாலைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு செராஃபின் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தான். கொப்புளம் உடைந்து அடித்தோல் சிவந்திருந்தது. பிளாஸ்திரியின் மூலைகளை வட்டமாக வெட்டினான். மூலை விட்டு ஒட்டினால் காலுறை ஏறும்போதே உரிந்து வந்துவிடும். ஒட்டியபின் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, சூடு ஏறும்வரை அழுத்திப் பிடித்தான். பசை பிடிக்க அதுதான் வழி.

"வலிக்குதா?"

"அவளுக்கு இதெல்லாம் வலிக்காது," என்றான் அர்னோ. ஓட்டிலியின் கணவன். பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவன்.

"நான் குதிகாலைக் கேட்டேன்."

"நேத்தே காட்டியிருக்கணும்னு குதிகால் சொல்லுது," என்றாள் ஓட்டிலி.

மலை விடுதியை நடத்தும் ஃபிலோமேனா குடுவைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "உன் பொண்டாட்டிக்கு நாக்கு இருக்கா அர்னோ? இல்ல அதையும் நீயேதான் வச்சிருக்கியா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அர்னோவும் சிரித்தான். மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே வந்துவிட்டால் அந்த மலைகளில் 'நீங்க' கிடையாது. டாக்டரும் 'நீ'தான், வழிகாட்டியும் 'நீ'தான்.

ஒரு வாரப் பயணம் அது. ஸ்கீ என்ற சறுக்குக் கட்டைக்கு அடியில் வழுக்காமலிருக்கத் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு ஏறுவது, கணவாயில் பட்டையை உரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்குவது, மாலைக்குள் அடுத்த விடுதிக்குப் போய்ச் சேருவது. செராஃபினுக்கு அதுதான் பிழைப்பு. கோடையில் அண்ணனோடு புல் அறுப்பான், மாடு பார்ப்பான். பனி விழுந்துவிட்டால் வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு மலை ஏறுவான். சீட்டாட்டத்தில் கெட்டிக்காரன், பேச்சில் கஞ்சன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பனிக்காலத்துல நான் இல்ல, கோடையில எனக்குத் தெம்பு இல்ல," என்பான்.

வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனார்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க எல்லாரும் மார்பில் கட்டியிருக்கும் தேடுகருவி வேலை செய்கிறதா என்று அவன் தன் கருவியை நீட்டிக் கேட்டான். பீப் என்றால் போகலாம். போகிறவர் முதுகில் தட்டி எண் சொன்னான். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் அந்த எண்ணைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு சகோதரிகள் ஒன்று, இரண்டு. பள்ளிக்கூட வாத்தியார் காலுஸ் மூன்று. வங்கியில் வேலை பார்க்கும் ஸ்டெஃபென் ஐந்து. அர்னோ ஆறு. கடைசியில் ஓட்டிலி ஏழு.

"நாலு எங்கப்பா?" என்றான் காலுஸ். "கணக்கு வாத்தியார் கேக்கறேன்."

"லீவுல போயிருக்கு."

"எப்ப வரும்?"

"நட காலுஸ்."

நாலு லீவில் போய் ஐந்து பனிக்காலம் ஆகியிருந்தது.

அதற்கு முந்திய பனிக்காலம், அன்றைக்கும் இதே வழிதான். இரண்டு விடுதிகளுக்கும் நடுவில் ஒரு பாறைச் சுவர். அதன் அடியில் சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும், ஒருவர் போய்ச் சேரும் நேரம் இடைவெளி விட்டு அடுத்தவர். அப்பால் ஒரு பெரிய கல். அங்கே கூட வேண்டும். வேறு வழி கிடையாது. அன்றைக்கு நாலாவதாக வந்தவள் ஆக்னெஸ் என்ற பெண். நன்றாகப் பாடுவாள். சரிவின் நடுவில் இருக்கும்போது மேகம் இறங்கிவிட்டது. கல்லுக்கு வந்து செராஃபின், "எண்ணு," என்று கத்தினான். ஒன்று வந்தது. இரண்டு, மூன்று வந்தது. பின்னாலிருந்து, சற்றுத் தள்ளி, நாலு வந்தது. ஐந்தும் ஆறும் வந்தன. புறப்பட்டார்கள். விடுதி வாசலில் ஓர் ஆள் குறைந்தது.

மறுநாள்தான் கிடைத்தாள். சின்னப் பனிச்சரிவு, சத்தமே இல்லாமல் அவளை இழுத்துப்போய் மார்புவரை புதைத்திருந்தது. முகம் வெளியேதான் இருந்தது. அடிபடவில்லை, குளிரில் போயிருக்கிறாள் என்றார் மருத்துவர். விசாரணை நடந்தது. 'நாலு' என்று அவள் சொன்னதைத் தாங்களும் கேட்டதாக எல்லாரும் சொன்னார்கள். எண்ணிக்கைக்கு அப்புறம் எங்கோ விழுந்திருக்கிறாள், வழிகாட்டிமேல் தவறில்லை என்று முடித்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் செராஃபினும் ஒருவன்.

ஒரு மாதம் கழித்து மாட்டுக்கொட்டகையில் அண்ணன் மனைவியைத் தேடினான். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ஹியர்." இங்கே இருக்கிறேன் என்று. அந்த ஊர் மொழியில் 'ஃபியர்' என்றால் நாலு, 'ஹியர்' என்றால் இங்கே. பல் போனவர் சொன்னால் பக்கத்தில் நின்றாலும் வித்தியாசம் தெரியாது. செராஃபின் பால் வாளியைக் கீழே வைத்தான். அன்று மேகத்துக்குள் ஆக்னெஸ் கத்தியது இதில் எது? கொட்டகைக்கு வெளியே போய் வெகுநேரம் நின்றான்.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த பனிக்காலத்திலிருந்து நாலை விட்டு எண்ணினான். முறை மாறவில்லை, மேகத்துக்குள் குரலை வைத்தே ஆளை எண்ணினான். எண்ணைத்தான் எடுத்தான். புண்ணுக்குக் கட்டுப் போடாமல் கண்ணாடியைத் திருப்பி வைத்தது போலத்தான் அது.

அந்தச் சரிவில் மேகம் இறங்கும்போதெல்லாம் அவனுக்கு அது கேட்டது. ஒரே ஒரு தடவை, பின்னாலிருந்து, சற்றுத் தள்ளி. ஃபியர். முதல் வருஷம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அப்புறம் பார்ப்பதை விட்டான். பனியாற்றுக்குள் பாவம் கழிக்கிற ஆன்மாக்களைப் பற்றி அவன் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். "மலையில ஒரு தடவை கூப்பிட்டா திரும்பாத. மனுஷனா இருந்தா மறுபடியும் கூப்பிடுவான்." மறுபடி கூப்பிட்டதே இல்லை. திரும்பாமல் நடக்கக் கற்றுக்கொண்டான்.

அன்று காலை வானம் சுத்தமாக இருந்தது. கணவாயில் வெயிலில் உட்கார்ந்து காய்ந்த கம்பு ரொட்டியும் உலர்ந்த மாட்டிறைச்சியும் தின்றார்கள். காலுஸ் தன் மாமியாரைப் பற்றிக் கதை சொன்னான். இறங்கத் தொடங்கியபோதுதான் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்தது. பாறைச் சுவருக்கு வரும்போது தங்கள் ஸ்கீயின் முனைகூட அவர்களுக்குத் தெரியவில்லை. மேலே பாறையில் காற்று கொண்டுவந்து சேர்த்த பனி கனத்திருந்தது. அதன் அடியில் அதிக நேரம் நிற்கக் கூடாது.

செராஃபின் முதலில் கடந்து கல்லடியில் நின்றான். ஒவ்வொருவராகச் சறுக்கி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துக் கத்தினான்.

"எண்ணு!"

"ஒண்ணு." "ரெண்டு." சகோதரிகள்.

"மூணு," என்றான் காலுஸ்.

"அஞ்சு."

"ஆறு, ஏழு."

சரி, எல்லாரும் வந்தாயிற்று. செராஃபின் கோலை ஊன்றினான். அப்போது அது கேட்டது. பின்னாலிருந்து, சற்றுத் தள்ளி. ஃபியர்.

அசையாமல் நின்றான். மறுபடி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

"யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?"

"காத்து," என்றான் ஸ்டெஃபென்.

"என்ன, லீவுல போன நாலு திரும்பி வந்துடுச்சா?" என்றான் காலுஸ். யாரோ சிரித்தார்கள்.

"கிளம்புங்க," என்றான் செராஃபின். குரல் அவனுடையதாக இல்லை.

நகர்ந்தான். கேட்காதே, நட, கேட்காதே என்று பழகிய தாளத்தில் கால்கள் போயின. கல்லைச் சுற்றித் திரும்பும் இடத்தில் சட்டென்று நின்றான். ஏழு என்றது யார் குரல்?

ஆம்பிளைக் குரல்.

செத்தவளைக் கேட்காமல் இருக்கப் பழகிப் பழகி, உயிரோடு இருக்கிறவர்களையும் அவன் சரியாகக் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றினான். வந்த வழியே திரும்பி, எதிரே வந்த ஒவ்வொரு தோளையும் கையால் தொட்டான். சகோதரிகள். காலுஸ். ஸ்டெஃபென். அர்னோ. அர்னோவுக்குப் பின்னால் கையை நீட்டினான். குளிர்ந்த காற்றுதான் இருந்தது.

"ஏழுன்னு யார் சொன்னது?"

"நான்தான்," என்றான் அர்னோ. "அவ என் பின்னாலதானே வர்றா. எப்பவும் அவளுக்கும் சேத்து நான்தான்…" சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "ஓட்டிலி?"

காலுஸ் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

"எல்லாரும் கருவிய அணைச்சிட்டுக் கல்லோட ஒட்டி நில்லுங்க. ஒருத்தரும் அசையக் கூடாது. கத்தவும் கூடாது, எனக்குக் காது வேணும்," என்றான் செராஃபின். அர்னோ கூட வரப் பார்த்தான். அவன் நெஞ்சில் கை வைத்து உட்காரவைத்தான்.

தேடுகருவியைத் தேடும் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு சரிவுக்குள் போனான். மேலே அந்தக் கனத்த பனி. கருவி முதலில் ஊமையாக இருந்தது. ஐந்து வருஷமாக முதுகைக் காட்டிய திசையை நோக்கி இப்போது முகத்தைக் காட்டி நடந்தான். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மேகத்துக்குள்ளிருந்து மார்புவரை பனியில் புதைந்த ஒரு முகம் வந்துவிடும் என்றே கண்கள் எதிர்பார்த்தன. கருவி பீப் என்றது. நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது.

பாறையை ஒட்டிக் காற்று குடைந்து வைத்திருந்த குழிக்குள் ஓட்டிலி தலைகீழாகச் சரிந்து கிடந்தாள். ஒரு ஸ்கீ இல்லை. முழங்கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. வாயிலும் மூக்கிலும் பனி. செராஃபின் விரலை விட்டு வாயைத் தோண்டி எடுத்தான். அவள் இருமினாள். இருமல் நல்லது.

"என் பேர் என்ன, சொல்லு."

"செராஃபின்," என்றாள் அவள். "மடையன்."

அந்த வசை அவனுக்குத் தேன் மாதிரி இருந்தது.

வெளிச்சம் போவதற்குள் அவளைப் படுக்கும் பைக்குள் வைத்துக் கயிற்றால் கட்டி இழுத்து விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த விடுதியை நடத்துகிறவள் தாதி வேலை பார்த்தவள். விரல்களைத் தேய்க்க விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாள். முழங்காலுக்குத் தடி வைத்துக் கட்டினாள். பார்லி சூப்பைக் கரண்டியால் ஊட்ட அர்னோ வந்தபோது ஓட்டிலி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வாய் என்னோடது. நானே சாப்பிடுவேன்."

"நான் நெனச்சேன், நீ என் பின்னால…"

"நாப்பது வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்க."

அர்னோ அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. கொஞ்சம் அழட்டும் என்று விட்டார்கள். பிறகு காலுஸ் ஒரு குவளை ஒயின் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தான்.

செராஃபின் ஓட்டிலியின் கட்டிலருகே உட்கார்ந்தான்.

"எத்தனை தடவை கூப்பிட்ட?"

"ஒரு தடவைதான். ஹியர்னு கத்தினேன். மறுபடி வாயத் தெறந்தா பனி உள்ள போயிடுச்சு." கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்: "ஏன், கேக்கலையா?"

"கேட்டுது," என்றான். ஆக்னெஸ் கூப்பிட்டதும் ஒரு தடவைதான் கேட்டது. மறுபடி கூப்பிட்டபோது கேட்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அம்மாவின் விதி யாருக்காகச் செய்ததோ, மனுஷர்களுக்காகச் செய்ததில்லை.

மறுநாள் விடிந்தபோது ஒரு துளி மேகம் இல்லை. சிவப்பு ஹெலிகாப்டர் வந்து பனியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. உடன் வந்த மருத்துவப் பெண் பெயர் கேட்டாள். அர்னோ வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். ஓட்டிலி தன் பெயரையும் பிறந்த நாளையும் தானே சொன்னாள். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அது பள்ளத்தாக்கின் பக்கம் சாய்ந்து மறைந்தது.

மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஓட்டிலியின் ஸ்கீயை எடுத்துவர செராஃபின் தனியாகப் போனான். நேற்று வெகுதூரமாக இருந்த குழி வெயிலில் பார்த்தால் கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் நின்று காத்திருந்த தடம், திரும்பாமல் நகர்ந்த தடம், அப்புறம் திரும்பிய தடம் எல்லாம் பனியில் அப்படியே கிடந்தன. குழிக்குள் இறங்கி, புதைந்திருந்த ஸ்கீயைத் தோண்டி எடுத்து மேலே வந்தான்.

காற்றே இல்லை. அப்போது அது கேட்டது. சரிவுக்குக் கீழே, சற்றுத் தள்ளி, ஒரே ஒரு தடவை.

ஓட்டிலி வானத்தில் போய்விட்டாள். மற்ற நாலு பேரும் விடுதியில் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்கள். அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஸ்கீயைப் பனியில் நட்டுவைத்தான். தேடுகருவியைத் திருப்பிவிட்டுக்கொண்டு, "வர்றேன்," என்று சத்தமாகச் சொன்னான். சரிவில் இறங்கி, குரல் வந்த பக்கமாக, ஒவ்வொரு பாறையின் பின்னாலும் ஒவ்வொரு குழிக்குள்ளும் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். ஆக்னெஸ் கிடந்த இடத்தையும் பார்த்தான். பனி வழவழவென்று வெறுமையாக இருந்தது. யாரும் இல்லை என்று ஆனபிறகு மேலே ஏறி வந்து, ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினான்.