பஸ்ஸில் கைமாறிய குழந்தை

எழுபதுகளில், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில்தான் அந்த வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்தேன். கசங்கிய பருத்திப் புடவை, வெயிலில் சிவந்த மூக்கு, கையில் தமிழ்ப் பாடப்புத்தகம். எனக்கு நிற்கவே இடமில்லை. எல்லோரும் செய்வதுபோல, என் எட்டு மாதக் குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தேன். கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஒரகடம் தாண்டியதும் அவர் அலறுவது கேட்டது.

"வண்டியை நிறுத்துங்கள்! இந்தக் குழந்தையின் தாய் எங்கே?"

முண்டியடித்து முன்னால் போனேன். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் அணைத்தபடி அந்த அம்மாள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"இங்கதாம்மா கீறேன். கூட்டமா இருந்திச்சி, அதான் குட்த்தேன்" என்றேன்.

"விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் என்று பயந்தேன். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாதே! நான் குழந்தையோடு இறங்கிப் போயிருந்தால்?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வாங்கிய குழந்தையை ஸ்ரீபெரும்புதூர் வரை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

அவர் எங்கே இறங்கினார் என்றுகூட நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏறிய பஸ்களிலும் யார் யாரோ கை நீட்டிக் குழந்தையைக் கேட்டார்கள். கொடுத்தேன். ஆனால் இறங்கும்வரை, கொடுத்த மடியை விட்டு என் கண் ஒருமுறைகூட அகன்றதில்லை.