சீன வகுப்புக்கு அத்தா பேசிய கேசட்

பெரிய மார்க்கெட்டில் மீன் விலை கேட்கும்போது என் அத்தாவுக்கு வாயில் முதலில் வருவது சீன எண்கள். தமிழ் அதற்கு அப்புறம்தான். "சாம்? செய்?" என்று விரலை மடக்கிக்கொண்டே முனகுவார். மீன்காரம்மா ஒரு கையில் சங்கராவைத் தூக்கிப் பிடித்தபடி, "இன்னாய்யா சொல்ற, வாயத் தொறந்து சொல்லு" என்பாள். அத்தா சிரிப்பார். அடுத்த கூடைக்காரி என் பக்கம் திரும்பி, "ஏ சப்ப மூக்கு, நீயாவது சொல்லேன், ஒங்கப்பா இன்னாதான் கேக்குறாரு?" என்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பூக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவேன். அங்கே நின்று, வாங்கவே போகாத கனகாம்பரத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பேன். சைகோனை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இது மாறவில்லை. இதைப் படிக்கிற நம் ஆட்கள், பாரிஸிலோ ரெயூனியனிலோ இந்தப் பாண்டிச்சேரி உப்பளத்திலேயோ இருப்பவர்கள், உங்களிலும் சிலருக்குப் பெற்றவர்களோடு கடைக்குப் போகும்போது நாலடி தள்ளி நடக்கிற பழக்கம் இருக்கும். அதற்காக வெட்கப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்ல வரவில்லை. நன்றாக வெட்கப்படுங்கள். நானும் படுகிறேன்.

அத்தா பாண்டிச்சேரியில் பிறந்து, மீசை அரும்பும் முன்பே கப்பலேறியவர். சைகோனை ஒட்டிய சோலோன் என்ற சீனர் பேட்டையில், நம் ஊர்க்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. அங்கேயே வியட்நாம்காரியான என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டாள். எழுபத்தைந்தில் கம்யூனிஸ்டுகள் சைகோனைப் பிடித்ததும் எல்லாம் தலைகீழாகி, கடையும் போய், நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது, நேராகப் பாரிஸ் போயிருக்கலாம். "நம்ம ஊரு இருக்கறப்ப நாம ஏம்மா குளிர்ல போய் நடுங்கணும்?" என்றார் அத்தா. சரி, நம் ஊர் என்று வந்து இறங்கினோம். அந்த நம் ஊர் அவருக்குக் கொடுத்த பெயர் 'சைகோன் பாய்'. எனக்குக் கொடுத்த பெயரைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

சோலோனில் அவர் ஒன்றும் பெரிய ஆளில்லை. ஆனால் தெருவே அவரை அறியும். காலையில் கடை திறந்தால் நூடுல்ஸ் விற்பவன் முதல் கைவண்டி இழுப்பவன் வரை அவரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அந்தக் குரலைப் பற்றி அவரிடம் ஒரு கதை உண்டு. உப்பளத்து டீக்கடையில் அதைக் கேட்காத காது கிடையாது. "சீனாக்காரன் கடைக்குள்ள கால வெக்கும்போதே என்னைப் பாத்து தமிழ்ல கேப்பான், 'ஆச்சா?'ன்னு. நான் விடுவேனா? 'ஆச்சு, ஆச்சு, வாங்க வாங்க!'ம்பேன். அவனுக்குச் சிரிப்புத் தாங்காது. கூட வந்தவனும் சிரிப்பான். நான் அவன் பாஷையக் கத்துக்கிட்டேன், அவனும் எனக்காக ஒரு வார்த்தை தமிழ் கத்துக்கிட்டான் பாத்தீங்களா, அதாங்க மனுசத்தன்மை!" இதைச் சொல்லும்போது அத்தாவுக்குக் கண் மின்னும். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். எங்கள் சந்தில் சீனப் பிள்ளைகள் என்னை 'ஆச்சா மூய்' என்று கூப்பிடுவார்கள். மூய் என்றால் சின்னப் பெண், தங்கச்சி. ஆச்சாக்காரர் வீட்டுப் பொண்ணு என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என நினைத்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாஸ்போர்ட் வேலையாகப் பிரெஞ்சுத் தூதரகத்தில் ஒரு வரிசையில் நின்றிருந்தோம். அத்தா வழக்கம்போல முன்னால் நிற்கிற தலைகளைச் சீனத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற பிரெஞ்சு அம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கணவரின் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்திருந்தவர், பாரிஸில் சீனம் படித்தவர். கடலோரத் தெருவில் தன் வீட்டு ஹாலில், மேற்படிப்புக்குப் பாரிஸ் போகவிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்கு மூன்றாவது மொழியாகச் சீனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை மதாம் என்றே கூப்பிட்டோம். அவருக்கு இருந்த தொல்லை, புத்தகம். அதில் பாடத்துக்குப் பாடம் பனி கொட்டும், ரயிலில் கம்பளிக் கோட்டு போட்டவர்கள் தேநீர் குடிப்பார்கள். நம் பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டு அதைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். புத்தகத்துக்குத் துணையாகக் கையில் எடுத்துக் காட்ட, காதால் கேட்க, ஏதாவது வேண்டும் என்றார் மதாம். அந்த வேலை எங்களுக்கு வந்தது.

சொல் அட்டைகள் என் பொறுப்பு. எனக்குச் சீனம் பேசத்தான் வரும், படிக்க வராது. மதாம் எழுதிக் கொடுத்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் வரைவேன். பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை வெட்டி, மைதாப் பசை தடவி, ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் படம். மீன் என்ற எழுத்துக்குப் பின்னால் வஞ்சிரம். வண்டி என்ற எழுத்துக்குப் பின்னால் நம் ஊர் ரிக்ஷா. பிள்ளைகள் அட்டையை எடுப்பதற்கு அடித்துக்கொண்டார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

அந்தத் தலையைக் குனிய வைத்தவர் அத்தாதான். மதாம் சொல்லிக்கொடுத்தது பீக்கிங் சீனம். அத்தாவுக்குத் தெரிந்தது சோலோன் சந்தையில் புழங்கிய காண்டன் சீனம். இரண்டும் ஒன்றுதான், இவர்கள்தான் வாயைக் கோணிக்கொண்டு பேசுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. பிள்ளைகள் 'யீ' என்று சொல்லி ஒரு விரலைக் காட்டினால், என்னோடு வந்து உட்கார்ந்திருக்கிற பின்பெஞ்சிலிருந்து, "தப்பு! யீன்னா ரெண்டு!" என்று எழுந்துவிடுவார். அவர் சீனத்தில் யீ இரண்டுதான். ஒரு பையன் ஒரு நாள் மெதுவாக, "மதாம், தாத்தா பேசறது சைனீஸே இல்ல" என்றான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்றிருந்தது. மதாம் நல்லவர். "முஸ்யே பேசுவதும் சீனம்தான், அதுவும் உங்கள் காதுக்குப் பழக வேண்டும்" என்று சொல்லி, கடையில் நடக்கிற பேச்சு ஒன்றைக் கேசட்டில் பேசித் தரச் சொன்னார்.

அந்தக் கேசட்டுக்காக அத்தா சவரம் பண்ணிக்கொண்டார். குரல்தானே பதிவாகும் என்றால், "போம்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, வாடிக்கைக்காரருக்கு ஒரு குரல், தனக்கு ஒரு குரல் என்று தானே இரண்டு பேராக நடித்தார். எடுத்த எடுப்பில் 'ஆச்சா!', உடனே 'ஆச்சு ஆச்சு'. மதாமுக்குக் காண்டன் சீனம் அவ்வளவாகப் பிடிபடாது. அந்த ஒரு வார்த்தை தமிழ் என்று அத்தாவே அவருக்கு விளக்கமும் சொன்னார். பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். வகுப்புக்குள் நுழையும்போதே ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் 'ஆச்சா!' 'ஆச்சு!' என்றார்கள். அத்தா 'ஆச்சா தாத்தா' ஆனார். அவர் சட்டைக்குக் கஞ்சி போடத் தொடங்கியது அப்போதுதான். டீக்கடைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். "கிளாசுக்கு நேரமாச்சு" என்று அவர் தெருவில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்து, போகட்டும், இந்த ஊரில் இவருக்கும் ஒரு இடம் கிடைத்தது என்று நினைத்தேன்.

மதாமோடு பாரிஸில் படித்த ஒரு சிநேகிதி ஹாங்காங்கிலிருந்து வந்து தங்கினார். மிஸ் லியோங் என்று பெயர். அசல் சீனர் வந்திருக்கிறார் என்று பிள்ளைகள் பெருமையாகக் கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். அத்தா அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. மிஸ் லியோங் முதலில் சிரித்த முகமாகத்தான் கேட்டார். முதல் வார்த்தையிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கேசட் முடிந்ததும் என்னையும் மதாமையும் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதில் ஆச்சா என்று வருகிறதே, அது உன் அப்பாவுக்குத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"தெரியாமல் என்ன, அது எங்கள் தமிழ் வார்த்தை. முடிந்ததா என்று அர்த்தம்" என்றேன்.

"இல்லை. அது காண்டன் வார்த்தை. உங்கள் ஊர்க்காரர்களை, அந்த நிறத்துக்காரர்களைக் கூப்பிடுவது. மரியாதையாகக் கூப்பிடுவது இல்லை."

நான் விடவில்லை. எங்கள் அத்தா எத்தனை வருஷம் அங்கே இருந்தார் தெரியுமா, அவருக்குத் தெரியாதா, உங்கள் ஹாங்காங்கில் வேறாக இருக்கும் என்று குரலை உயர்த்தினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன்னை ஆச்சா மூய் என்று கூப்பிட்டிருப்பார்களே?" என்றார்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

யா அல்லா, அந்த நிமிஷம் எனக்கு வந்ததை வெட்கம் என்று ஒரு வார்த்தையில் அடக்க முடியாது. அந்தச் சந்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நினைத்துக் கூசியது. ஒவ்வொரு காலையும் கடைவாசலில் நின்று, தன்னை ஏசியவனுக்கெல்லாம் 'வாங்க வாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தாவை நினைத்து வயிறு எரிந்தது. அவன்கள் ஏன் சிரித்தான்கள் என்று இப்போது தெரிந்தது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு ஏமாளியா நம் அத்தா என்று அவர்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. மதாம் முகம் சிவந்துபோய், கேசட்டை அழித்துவிடலாம் என்றார். அத்தா கேட்டால் என்ன சொல்வது? நாடா சிக்கி அறுந்துவிட்டது என்று சொல்வோம் என்றேன். இந்த ஊரில் அவருக்கு இருக்கிற ஒரே மரியாதை அந்த ஹாலில்தான் இருந்தது. என்ன ஆனாலும் அவருக்குத் தெரியக் கூடாது. எனக்கு மனசில் அது ஒன்றுதான் ஓடியது.

அதற்குள் ஹாலில் அத்தாவின் குரல் கேட்டது. நாங்கள் வெளியே வந்தோம். மிஸ் லியோங்கைக் கண்டதும் அத்தா அப்படியே நின்றுவிட்டார். காண்டனில் நலம் விசாரித்தார். அவரும் காண்டனில் பதில் சொன்னார். சாப்பிட்டாச்சா, ஊர் எது, வெயில் ஒத்துக்கொள்கிறதா, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் கேட்டது கேட்டபடி விளங்குகிற ஓர் ஆளோடு அவர் அந்த மொழியைப் பேசி எத்தனை வருஷமாயிற்றோ, அவர் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். தாத்தா பேசுவது நிஜமாகவே சைனீஸ்தான்!

"முஸ்யே, உங்கள் கேசட் சிக்கிக்கொண்டது" என்று மதாம் தடுமாறிச் சொன்னார்.

"அட, போவட்டும் மதாம். அதான் அசல் சீனாக்காரங்களே வந்திருக்காங்களே, நேர்லயே செஞ்சு காட்டிடுவோம்" என்றார் அத்தா. மேசையை நடுவில் இழுத்துப் போட்டார். அதுதான் கடை. தோளில் கிடந்த துண்டை உதறி அதன்மேல் விரித்தார். மிஸ் லியோங்கை வாசலிலிருந்து வாடிக்கைக்காரராக வரச் சொன்னார். மறுக்க முடியாமல் அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "லோ பான்" என்று கூப்பிட்டார். முதலாளி என்று அர்த்தம்.

அத்தா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "இல்லம்மா, நான் மொதலாளி இல்ல, அவரு வேற. நான் கடையில நிக்கிறவன். என்னை அப்பிடிக் கூப்புடக் கூடாது. ஆச்சான்னு கூப்புடணும்" என்று இதையும் சீனத்திலேயே சொல்லிக்கொடுத்தார்.

மிஸ் லியோங் மறுபடி வாசலுக்குப் போனார். மறுபடி வந்தார். பாதி வழியிலேயே நின்றுவிட்டார். மதாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்தவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒருத்தன் "ஆச்சா!" என்றான். அப்புறம் எல்லாரும், "ஆச்சா! ஆச்சா!" அத்தா ஒவ்வொரு குரலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, இன்னும் வராத வாடிக்கைக்காரருக்காகக் கை நீட்டியபடி நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே வாசலுக்குப் போய் உள்ளே வந்தேன். தமிழில்தான் கேட்க நினைத்தேன். வீட்டில் சமையலறையிலிருந்து கேட்கிற மாதிரி, ஆச்சா அத்தா, குளிச்சாச்சா, கிளம்பலாமா என்கிற மாதிரி. "ஆச்சா?" என்றேன். ஆனால் நாக்கு அந்தச் சந்தில் வளர்ந்தது. கடைசி எழுத்து தானாக மேலே ஏறி நின்றது, அவர்கள் கூப்பிடுகிற அதே ராகத்தில்.

"ஆச்சு, ஆச்சு! வாங்க வாங்க!" என்றார் அத்தா. பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களா புள்ளைங்களா? அசல் சீனாக்காரி மாதிரியே கூப்புடுறா பாரு எம்பொண்ணு!" என்றார்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மிஸ் லியோங் தலையைக் குனிந்துகொண்டார். அத்தா துண்டை என் முன்னால் முழம் போட்டுக்கொண்டே, எத்தனை கெஜம் வேண்டும் என்று சீனத்தில் கேட்டார். நான் மூன்று விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன்.