லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்

செவ்வாய்க்கிழமை காலை முதல் இட்லியைப் பிட்டபோது செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், அத்தை போயிட்டாக" என்றாள்.

"ரோட்டிலயா, வீட்டிலயா?"

"வீட்லதான். கட்டில்ல, தூக்கத்துலயே."

"நல்லது" என்றேன். அத்தையை இழந்தவளிடம் சொல்லத் தகுந்த சொல்லன்று அது, ஆனால் உண்மை. மருத்துவர் அமலோற்பவத்தை நினைவுகூர வந்திருக்கும் உங்களுக்கு, உங்களில் பலர் அவர் கையிலேயே பிறந்தவர்கள் என்பதால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தேவாரத்துக்கு அருகே ஒரு கத்தோலிக்கச் சிற்றூரில், நிலக்கடலை விதைத்த குடும்பத்தில் பிறந்தவர் அமலா. தேனியில் நாற்பது ஆண்டுகள் பிரசவம் பார்த்தார். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். அல்லிநகரத்தில் ஒரே தெருவில் குடியிருந்தோம். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. நட்பு நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓய்வு பெற்ற மறு மாதம் அவர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தார். ஆறு சிலிண்டர், இரண்டே கதவுகள். பந்தயத்துக்குப் பிறந்த வண்டி. உறவினர் திகைத்தார்கள். அவர் சொன்ன விளக்கம் இவ்வளவுதான்: "நாப்பது வருசமா எல்லாரும் என்னைய சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டாக. இனி யாரும் கூப்பிடாம, நானாச் சீக்கிரம் போறேன்."

ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்ததும் புறப்படுவோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், அங்கே ஒரு தேநீர், பிறகு திரும்புதல். ஊர்களுக்குள் அவரைப்போல் அடக்கமாக ஓட்டியவரை நான் கண்டதில்லை. ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் காலை அழுத்துவார். என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பியதும் வழக்கமான பெட்ரோல் பங்கில் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தொலைவை ஊற்றிய லிட்டரால் வகுத்து நான் குறிப்பேட்டில் எழுதுவேன். நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர். லிட்டருக்கு ஐந்து. வண்டியோடு வந்த கையேடு பதினொன்று என்றது. "அதை எழுதுனவன் வண்டியக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருப்பான்" என்பார் அமலா. இது வீண் செலவு, காற்றுக்கும் கேடு என்று நான் வாரந்தோறும் கண்டித்தேன். வாரந்தோறும் ஏறி உட்காரவும் செய்தேன்.

முதல் நாளே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். "விசாலம், ஒனக்கு முகத்துக்காகப் பேசத் தெரியாது. அதுக்குத்தான் ஒன்னையப் பக்கத்துல உக்கார வைக்கிறேன். நான் ஓட்டக்கூடாதுங்கிற நாள் வந்தா நீ சொல்லிரணும். டாக்டருக்குத் தன் நோவு மட்டும் தெரியாது."

ஒருமுறை அவருடைய ஊர்த் திருவிழாவுக்குப் போன வேன் வரிசையின் பின்னால் ஒரு மணி நேரம் ஒரே சீரான மெதுநடையில் போனோம். அந்த நடையை வைத்துக் கணக்கிட்ட வண்டி, மிச்சப் பெட்ரோலில் அறுபது கிலோமீட்டர் போகலாம் என்று திரையில் காட்டியது. அமலா அதை நம்பி, தம் வழக்கப்படி அழுத்தினார். பொட்டிப்புரம் விலக்குக்கு அருகே வண்டி நின்றுவிட்டது. தக்காளி ஏற்றிவந்த ஒரு பெரியவர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். "ஆத்தா, இது காரு இல்ல, யானை! யானைய வச்சுக்கிட்டுக் கரும்புக்கட்டு இல்லாமக் கெளம்புவாகளா?" அமலா சிரித்த சிரிப்பில், சினந்து கொண்டிருந்த எனக்கும் வாய் கோணிற்று. பெரியவரே போய் இரண்டு கேன் வாங்கி வந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, என் வகுத்தலில் ஆறரை வந்தது. பிழையென்று மீண்டும் போட்டேன், ஆறரைதான். அடுத்த வாரம் ஏழரை. பங்கில் வேலை செய்யும் பெண் குழாயைத் தொங்கவிட்டபடி, "என்ன டாக்டரம்மா, வண்டிக்கு வயிறு சுருங்கிருச்சா?" என்றாள். அத்தை ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று செல்வி மகிழ்ந்தாள். எனக்கு மட்டும் அந்த எண் பிடிக்கவில்லை. வாழைத்தார் ஏற்றிய லாரிக்குப் பின்னால், வெறிச்சோடிய சாலையில், பத்துக் கிலோமீட்டர் அவர் முந்தாமல் வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மூன்றாம் வாரம் வகுப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிட்டது. சின்னமனூரைத் தாண்டி, மொபெட்டில் புல்லுக்கட்டோடு ஓரமாகப் போன ஒரு பெண்ணுக்கு ஒரு சாண் அருகில் வந்தபின்தான் அமலா பிரேக்கை மிதித்தார்.

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தியபடி திரும்பிய அவள், உள்ளே இருப்பவரைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, டாக்டரம்மாவா! எம்மேலதாம்மா தப்பு, நீங்க போங்க."

அவள் மீது ஒரு தப்பும் இல்லை. அதை அவளிடம் அங்கேயே சொன்னேன். பங்குக்கு வந்தோம். தொட்டி நிரம்பியது. ஒன்பது.

"அமலா, இனி நீ ஓட்டக்கூடாது."

சாவியை உடனே என் மடியில் வைத்தார். "நேர் ரோடெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது விசாலம். போடிமெட்டு ஏறுற மாதிரியே கம்பத்துக்குப் போயிட்டிருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மூணு வாரமா ஒனக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

"ஞாயிற்றுக்கிழமை போயிரும்னுதான்."

"அப்ப நீயும் முகத்துக்காகப் பேசுற ஆளுதான். ஒன் முகத்துக்கு."

செல்வி வந்து எங்களை நாற்பதில் ஓட்டி வீடு சேர்த்தாள். வழி நெடுக அமலா, "கட்டை வண்டி, கட்டை வண்டி" என்று முனகினார். காரைப் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி வாங்கிக்கொண்டார். ஒரே வாரத்தில், வண்டி இப்படிக் குடிக்கிறதே என்று அழைத்தார். "குடிக்குதா? அப்ப ஒங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியுது" என்று அமலா அவருக்கு நற்சான்று கொடுத்தார். அதன் பிறகும் ஞாயிறு வந்தது. பேருந்தில் கூடலூர் போய்த் தேநீர் குடித்தோம். ஓட்டுநரின் கியர் மாற்றங்களை அவர் உரக்க விமர்சித்துக்கொண்டே வந்தார்.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் அஞ்சிய தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை வந்தது அதுவன்று. அமலா தம் கட்டிலில் போனார். அவரால் யாரும் போகவில்லை. செல்வி, அந்த 'நல்லது'க்கு அவ்வளவுதான் பொருள்.

குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஐந்து, ஐந்து, நாலே முக்கால், ஐந்து. கடைசி மூன்று வரிகள் ஆறரை, ஏழரை, ஒன்பது. நான் வாயைத் திறக்காத மூன்று வாரங்கள். அவற்றைக் கிழிக்கப்போவதில்லை. அவற்றுக்குக் கீழே பாதிப் பக்கம் வெற்றாக இருக்கிறது. புல்லுக்கட்டுக்காரப் பெண்ணை அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பார்த்தேன். மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு பிடி மண் போட வந்திருந்தாள்.