ஜீப்பு நிற்கும் வளைவு

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, டாக்டரிடம் அவள் இரண்டே கேள்விதான் கேட்டாள். மருந்து ஏற்றினால் சரியாகிவிடுமா என்பது முதல் கேள்வி. சரியாகாது, நாள் கொஞ்சம் கூடும் என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

“கூடுற நாள்ல எம்புட்டு நாளு இங்கயே படுத்துக் கெடக்கணும்?”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாதிக்கு மேல் இருக்கும் என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு மருந்தெல்லாம் வேணாம். அந்த ரோட்டுல போகணும்டி” என்றாள்.

எந்த ரோடு என்று நான் கேட்கவில்லை. போடியிலிருந்து மலையேறி, உச்சியில் இருக்கும் மெட்டைத் தாண்டி, மூணாறு வழியாகக் கொச்சிக்கு இறங்கும் ரோடு. முப்பத்தைந்து வருஷம் விடியுமுன்னே ஜீப்பில் அடைந்து அதில்தான் ஏலக்காய் பறிக்கப் போனாள். பூப்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் ஜீப்பு நிற்கும். இறங்கித் தோட்டத்துக்குள் போனால், வேலை முடிந்ததும் அதே ஜீப்பில் ஊர் திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு அங்கிட்டு அவள் ஒரு நாளும் போனதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு மகனை ஆளாக்குவதிலேயே காலம் ஓடிவிட்டது.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மாவிடம் கத்திப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். “சித்தி, நீங்கதான் மாத்தணும். செத்துப்போறேங்குது, நீங்க டூர் கூட்டிட்டுப் போறேங்கிறீக.” அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்க உட்கார்ந்தவள். பெரிய முடிவு எதையும் எடுத்துப் பழக்கமில்லை. மழை பெய்தால் ஓடு ஒழுகுமோ என்று பயப்படுவேன், பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயப்படுவேன். அக்கா சாகப்போகிறாள் என்ற பயம் வந்த பிறகு மற்ற பயங்களும் போகவில்லை, அதனோடு சேர்ந்துகொண்டன. நான் துணைக்கு வருகிறேன் என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். எப்படியாவது ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிடுகிறேன் என்று அவனிடமும் சொன்னேன்.

காலை பஸ்சில் கிளம்பினோம். ஒரே பை. துணி, ஆஸ்பத்திரி ஃபைல், வலி மாத்திரை எல்லாம் அதிலேயே வைத்தேன். பிரித்து வைத்தால் ஒன்று தொலையும் என்று எனக்கு எண்ணம். மலையடிவாரத்தில் முந்தலில் பஸ் நின்றபோது ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

“மாத்திரை நடந்தா போயிரும்? மூடுடி.”

பையை மேலே கம்பித் தட்டில் வைத்தேன். அக்காவுக்கு ஜன்னலோரம். மடியில் தூக்குவாளியில் தயிர்சோறு. முதல் சில வளைவுகள் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். “ஜீப்புல பின்னாடி உக்காந்தா விட்ட ரோடுதான் தெரியும். வர்ற ரோடு இப்பத்தான் தெரியுது” என்றாள். கிளம்பும்போது போட்ட மாத்திரை கண்ணைச் சொக்க வைத்தது. மெட்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். ஏறியதும் பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்குவார்கள். வண்டி நின்றதும் கண் முழிப்பதற்கு முன்னால் கால் இறங்கிவிடும்.

ஜீப்பு நிற்கும் அந்த வளைவில் யாரோ ஒரு ஆளை இறக்க பஸ் நின்றது. அக்கா எழுந்தாள். கண் சரியாகத் திறக்கவில்லை. தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி என்னைத் தாண்டினாள்.

நான் முழித்துத்தான் இருந்தேன். எங்கே போறக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், உட்கார்ந்திருப்பாள். கேட்கவில்லை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். இறங்கினால் இந்தப் பயணம் முடிந்தது, ஊருக்குத் திரும்பலாம், நாளைக்கே மதுரைக்குப் போகலாம் என்று மனசு ஓடியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, அதற்குள் அத்தனையும் ஓடியது. அவள் பின்னாலேயே நானும் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

பை தட்டிலேயே இருந்தது. பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அக்கா ரோட்டோரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். புரிந்ததும் தூக்குவாளியைக் கல்லின்மேல் வைத்து, “கழுத, பழக்கம்” என்றாள். தன் காலைத்தான் சொன்னாள்.

சரிவில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லேன்னு சொன்னாக, பஸ்சுல வந்து எறங்குற? ஜீப்பு ஆகலையோ மகாராணிக்கு?”

“கூடைய கொண்டாரவா, ஒரு செடி பறிக்கிறியா?”

“போங்கடி, நான் கொச்சிக்குப் போற ஆளு” என்றாள் அக்கா.

“கொச்சி இங்கனயாக்கா இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். ஒருத்தி மட்டும் கிட்டே வந்து அவள் கழுத்து எலும்பைப் பார்த்துவிட்டுச் செடிக்குப் போனாள்.

அடுத்த பஸ்சுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். “அது வரட்டும், ஏறுவோம்” என்றாள். சாரல் விழுந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். “மாத்திரை ஒண்ணு கொடு” என்றாள்.

பையைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் வந்தபோது படியில் ஒரு காலை வைத்தாள். மற்றக் கால் தரையை விட்டு வரவில்லை. “கேறு சேச்சி, சமயமாயி” என்று மலையாளத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார் கண்டக்டர். நான் பின்னாலிருந்து தாங்கித் தூக்கப் பார்த்தேன். அவள் கம்பியை விட்டுவிட்டுப் படியிலேயே சுருண்டாள். அவரும் இறங்கிவந்து, இருவருமாக அவளைக் கல்லில் உட்கார வைத்தோம். பஸ் கிளம்பிப் போனது.

“நாளைக்குப் போவோம்டி” என்றாள் அக்கா.

மூன்று மணிக்கு மேல் வேலையாட்களின் ஜீப்பு வந்தது. பின்பலகையில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அவளை மடியில் கிடத்திக்கொண்டார்கள். கீழே போடி வரும்வரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

பை மூணாறு வரைக்கும் போய், மறுநாள் ஒரு ஜீப்பு டிரைவர் கையில் திரும்பி வந்தது. அக்காவுக்கு அதற்குள் காய்ச்சல். மகன் திருப்பூரிலிருந்து வந்து, உடனே மதுரைக்குக் கொண்டுபோனான். இந்த உடம்புக்கு இனி மருந்து ஏற்ற முடியாது என்று அதே டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்.

ஒரு மத்தியானம், அவன் கடைக்குப் போயிருந்த நேரம், அக்கா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் தாண்டுறப்ப, நீ காலை ஒதுக்குன மாதிரி இருந்துச்சே.”

“தூக்கத்துல ஒதுக்கியிருப்பேன்க்கா” என்றேன்.

“அந்தத் தலகாணிய ஒசத்து” என்றாள்.

உயர்த்தி வைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் மகனைத்தான் கூப்பிட்டாள்.