காத்திருப்போர் பட்டியலில் ஒருவர்

"நீங்கதானே அந்தப் புத்தகத்துக்குப் பதிஞ்சு வச்சிருக்கீங்க? நிஜமாவே வேணுமா? அட, கோவிச்சுக்காதீங்க, சும்மா கேட்டேன்." போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்துகிறார் அக்கா. நூலகம் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பை இன்னும் தோளில்தான் தொங்குகிறது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கணினி, எழுந்தால் தலையில் இடிக்கும் கூரை. நூலகத்தின் இணையதளம், மின்னூல், ஒலிநூல் எல்லாம் இங்கிருந்துதான் நடக்கின்றன. வாசகர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் பட்டன் அக்கா. யார் கூப்பிட்டு என்ன சந்தேகம் கேட்டாலும், "கீழ பச்சையா ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அத அமுக்குங்க" என்றுதான் தொடங்குவார். ஒருவர் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு அமுக்கி, ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தாராம். அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. இப்போது சொல்வதில்லை.

ஒலிநூலுக்குப் பதினான்கு நாள் தவணை. முடிந்ததும் புத்தகம் வாசகரின் போனிலிருந்து தானாக மறைந்துவிடும். வேறு யாரும் காத்திருக்காவிட்டால் தவணையை நீட்டிக்கலாம். கண்பார்வை போன, ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் ஒரு நாவலைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியிடம் சொல்லிச் செய்தி அனுப்பினார்: "இன்னும் ரெண்டே அத்தியாயம்மா. மூணு நாள் குடுங்க."

காத்திருப்போர்: 1 என்றது கணினி. "மன்னிச்சுக்கோங்க ஐயா, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறாங்க" என்று பதில் போட்டார் அக்கா.

"நியாயம்தான். அவங்களும் கேக்கட்டும்."

நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

காத்திருந்தவரோ புத்தகத்தை எடுக்கவே இல்லை. ஏன் என்று அக்கா பெயரைத் திறந்து பார்த்தார். 'சோதனை வாசகர்.' முன்பதிவு வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே உருவாக்கிய கணக்கு. பார்த்துவிட்டு நீக்க மறந்திருந்தார். "இல்லாத ஆளுக்காக, இருந்த மனுஷன் கையிலேருந்து பிடுங்கிட்டேனே, பாவி!" என்று, தினமும் நாளிதழ் படிக்க வரும் என்னிடம் புலம்பினார். விதிப்படிதானே செய்தீர்கள் என்றேன். என்ன அசட்டுத்தனமான பேச்சு! இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அப்போது தொடங்கியவைதான் இந்தக் காலை நேரப் போன்கள்.

போன வாரம் டிரைவரின் மனைவி, கணவரின் உறுப்பினர் கணக்கை முடிக்க வந்தார். நான் எதிர் மேசையில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்களப் பத்திக் கடைசி வரைக்கும் பெருமையாத்தான் பேசினாரும்மா. யாரா இருந்தாலும் முறைன்னா முறைதான், நேர்மையான பொண்ணுன்னு."

கும்பிட்டு அனுப்பிவைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லாதீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. அக்கா அந்த நாவலின் பழைய காத்திருப்போர் பட்டியலைத் தேடித் திறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். பிறகு திரையை இரண்டு கைகளாலும் பிடித்து, மெல்ல அந்த அம்மாவின் பக்கம் திருப்பினார்.